நனையக் கூடாதென்று கொடுத்து வைத்த ஃபைல்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் படித்தபோது, படம் வரையும் வேலைக்குக் காட்டுவதற்காக எங்கள் ஏரியின் மீன், நண்டு, இறால்களை வரைந்து ஒரு ஃபைலில் சேர்த்து வந்தேன். எங்கள் ஊர் பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு; படகில்தான் போய்வர வேண்டும். படகில் கொண்டுவந்தால் நனையுமென்று, பழவேற்காட்டில் இருந்த தோழி சாந்தியின் வீட்டில் அதைக் கொடுத்து வைத்திருந்தேன்.

எனக்கும் அவளுக்கும் அந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்த அன்று காலை, ஃபைலை வாங்கப் போனேன்.

"அவ எடுத்துக்கினு அப்பவே இன்டர்வியூக்குப் போயிட்டாளே. நீ வரலன்னு சொல்லிட்டியாமே?" என்றார் அவள் அம்மா.

வெறுங்கையோடு பஸ் பிடித்து ஓடினேன். என் ஃபைலோடு சாந்தி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"இன்னாடி இது?" என்றேன்.

"இதுல உன் பேரு எங்கனா இருக்குதா?" என்றாள். வேலையும் அவளுக்கே கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு படத்திலும் முதலில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் மீனை வரைகிறேன். ஃபைல் என் மடியிலேயே படகில் வருகிறது. நனைந்தால் நனையட்டும்.