கிளட்சைச் சரிசெய்துவிட்டுப் போனவர்

மழைக்கு முன் உழுதாக வேண்டும். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய டிராக்டரில் கியர் விழாமல் கரகரத்தது. கிளட்சோடு நான் திணறுவதைப் பார்த்து, சாலையில் போன ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். நொடிக்கொரு தரம் சட்டைப்பையிலிருந்த செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பெடல்ல ஆட்டம் ஜாஸ்திங்க. ஸ்பேனர் குடுங்க."

மண்ணில் படுத்து நட்டைத் திருகினார். பெடலைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார். கியர் சத்தமின்றி விழுந்தது.

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றேன்.

"இல்லீங்க. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில எம் பொண்ணுக்கு ஆப்ரேசன் நடந்துகினு இருக்குது."

"அப்பறம் இன்னாத்துக்குங்க இங்க நின்னீங்க?"

"அங்க போவ பயமா இருந்துச்சிங்க."

கைகூடக் கழுவாமல் கிளம்பிவிட்டார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றே உழுது முடித்தேன். அந்தப் பெண் பிழைத்தாளா என்று யாரிடம் கேட்பது?