கனகாம்பிகை வீட்டுக் கெட்டிமேளம்

கிருஷ்ணராசாவுக்கு ஆடத் தெரியாது. ஆனாலும் லண்டன் ஹவுன்ஸ்லோவில் அவருடைய வீட்டில் ஒரு நடனத் தட்டு இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த எலக்ட்ரோ ஹிப்ஹொப். பெரிய கறுப்பு இசைத்தட்டு. லண்டனுக்கு வந்த புதிதில், மூடப்போகிற கடையொன்றின் வாசலில் குவித்துக் கிடந்ததிலிருந்து எடுத்தது. பாடுகிறவனின் குரல் இயந்திரத்துக்குள் போய் உலோகமாகி வரும். என்ன சொல்கிறான் என்று அவருக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. மறுபக்கத்தில் குரலே கிடையாது, வெறும் தாளம். தோலும் இல்லை, கையும் இல்லை. மின்சாரம் தன்பாட்டில் அடித்துக்கொள்கிற மேளம். அதன் அடிச்சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். மனைவி எமில்டா அதற்குத் தகரக்கடை என்று பேர் வைத்திருந்தாள். ஆகவே ஹெட்போனில்தான் கேட்பார்.

வாரநாட்களில் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. சனி ஞாயிறுகளில் தமிழ்க் கொண்டாட்டங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவார். ஒவ்வொரு பார்ட்டிக்கும் அந்தத் தட்டையும் பெட்டியில் வைப்பார். துணிவில்லாமல் அப்படியே திரும்பக் கொண்டுவருவார். சத்தத்தைக் கூட்டப் பயந்த மனுசன் என்று ஊருக்குள் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர், அவருக்கு நெடுநாள் பழக்கமான கனகாம்பிகையின் மூத்த மகள் ஷோபாவின் கலியாணத்தோடு வந்தது.

ஈஸ்ட் ஹாமில் ஒரு தெருவோர மண்டபம். மேளகாரருக்குப் பதிலாகக் கிருஷ்ணராசாவின் மேளச் சீடி. தாலி ஏறுகிற நேரம் பார்த்து வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாதென்றுதான் அந்த நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவது. அவர் அடக்கி வைத்திருந்த சீடியை மீறி சைரன் மண்டபம் முழுக்கக் கேட்டது. வருடம் திரும்புமுன் ஷோபா பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். கனகாம்பிகை மருமகனைக் குறை சொல்லவில்லை. சைரனைச் சொன்னாள், அடுத்தபடியாகக் கிருஷ்ணராசாவை.

இரண்டாயிரத்து நாலில் இளையவள் தர்மிகாவுக்குக் கலியாணம். அந்த நாளுக்கு வேறு மண்டபம் கிடைக்காததால் அதே தெருவோர மண்டபம்தான். மேளம் நேரில் வரும், நீ பின்னேரப் பார்ட்டிக்கு மட்டும்தான் என்று கனகாம்பிகை முதலிலேயே சொல்லிவிட்டாள். டப்பா மேளத்தைக் கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடாதே என்றும் சொன்னாள். சொன்னபடியே அவர் மேளச் சீடிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

மேளகாரர் குரோய்டனிலிருந்து வரவேண்டும். ஆற்றுக்கு அடியில் போகும் பிளாக்வோல் சுரங்கப்பாதையில் யாரோ காரை மோதி, வழி அடைத்துக் கிடந்தது. முகூர்த்தம் கழியப் போகிறது, மணியை அடித்துச் சமாளிப்போம் என்றார் ஐயர். கனகாம்பிகை மணவறையைப் பார்க்கவில்லை. தெருப்பக்க யன்னலைப் பார்த்தாள். பிறகு நேரே கிருஷ்ணராசாவின் மேசைக்கு வந்தாள்.

"சீடி கிடக்கோ?"

"நீங்கள்தானே அக்கா வேண்டாம் எண்டனீங்கள்."

"உன்னட்ட வேற என்ன மேளம் கிடக்கு?"

அவர் தட்டை எடுத்துக் காட்டினார். "கிடக்கு. ஆனா இது ஆக்கள் அடிச்ச மேளமில்லை."

"பேய் அடிச்சாலும் பரவாயில்லை. வெளியில போறது ஒண்டும் கேக்கக் கூடாது."

ஐயர் விரலை உயர்த்தினார். கிருஷ்ணராசா மறுபக்கத்தில் ஊசியை வைத்து, சத்தத்தை முடிந்தமட்டும் திருப்பினார். முதல் அடியில் குத்துவிளக்கின் சுடர் ஆடியது. மாப்பிள்ளையின் கை பாதியில் நின்று, பின்பு முடிச்சைப் போட்டது. இயந்திரக் கைதட்டல்கள் சாட்டை மாதிரி விழுந்தன. சனம் அட்சதை போட வைத்திருந்த அறுகரிசியைப் பிடித்தபடி திகைத்து நின்றது. யாரோ எறியத் தொடங்க எல்லோரும் எறிந்தார்கள். அப்போது யன்னலின் மங்கல் கண்ணாடியில் ஒரு நீல வெளிச்சம் சுழன்று கடந்து போனது. சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை.

மேளகாரர் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வெளியில் ஏதாவது கேட்டதா என்று கனகாம்பிகை விசாரித்தாள். தன் காதில் ஒன்றும் விழவில்லை என்றார் கிருஷ்ணராசா. அவள் முகம் இளகியது. இதை இனி வேறு யாருடைய கலியாணத்திலும் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஷோபா ஒரு தட்டில் வடையும் கேசரியும் கொண்டுவந்தாள்.

"நீல லைற் போனது மாமா. கண்டனீங்களோ?"

"ஓம்."

"அம்மாட்டச் சொல்லிப் போடாதேங்கோ." தட்டை மேசையில் வைத்தாள். "என்ர கதையைத் தாங்க அவவுக்கு ஒரு சைரன் தேவைப்பட்டது. நானும் அப்பிடியே நம்பட்டும் எண்டு விட்டிட்டன். தங்கச்சிக்கு நாளைக்கு ஏதும் எண்டா, அம்மா சைரனைச் சொல்லாமல் அவளைக் கேக்கட்டும்."

கேசரி ஆறப்போகிறது என்று சொல்லிவிட்டு அவள் பந்திப் பக்கம் நடந்தாள்.