சக்கரவர்த்தியும் என் சீதன வீடும்

அந்த பைசாந்தியச் சக்கரவர்த்தியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. எந்தக் காலத்திலோ கொன்ஸ்தாந்திநோபிளில் செத்துப்போன மனிதரோடு உனக்கென்ன கோபம் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் என் சீதன வீடு கைவிட்டுப் போனது அவருடைய கதையில்தான் எனக்குத் தெரிய வந்தது.

நாட்டை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் லின்ஃபீல்டில் விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அந்தச் சக்கரவர்த்தியின் வரலாற்று முக்கியத்துவம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று தகப்பனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். இவர் ஊரில் கோடேறி வழக்காடிய சட்டத்தரணி. இங்கே எல்லர்ஸ்லியில் காப்புறுதி அலுவலகத்தில் வாய் திறவாமல் வேலை பார்ப்பவர். கேட்டதும் மனிசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

சக்கரவர்த்தி பிடித்த நாடுகள் பிறகு கைநழுவிப் போயின, கொள்ளைநோய் சனத்தை வாரிக்கொண்டு போனது, ஆனால் சிதறிக் கிடந்த ரோமச் சட்டங்களைத் தொகுத்தாரே, அதுதான் நிலைத்தது என்றார். பிற்காலத்தில் இத்தாலியில் படித்தவர்கள் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஒல்லாந்தர் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். உதாரணம் சொல்லப்போய், மற்றவர் காணியை நெடுங்காலம் தன்னுடையதுபோல வெளிப்படையாக ஆண்டால் அது ஆண்டு வந்தவனுக்கே சொந்தம் என்ற எண்ணம் அந்தப் புத்தகங்களிலும் உண்டு, எங்கள் சட்டத்திலும் உண்டு என்றார். அப்படியென்றால் அம்மாவின் வீடும் அதில் இருக்கிறவர்களுக்குத்தானா என்று மகள் கேட்டாள். இவர் என்னைப் பார்த்துவிட்டு மகளின் புத்தகத்தை மூடினார்.

நாட்டை விட்டு வரும்போது, இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தை அந்த வீட்டில் இருத்தினோம். எழுத்து ஒன்றும் வாங்கவில்லை. குண்டுக்குப் பயந்து பாயும் கைக்குழந்தையுமாக வந்து நிற்கிறவர்களிடம் ஒப்பம் கேட்க யாருக்கு வாய் வரும்? வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வையுங்கள் என்றேன், அவ்வளவுதான். அவர்கள் சுற்றிவர மதில் கட்டியபோது போனில் புகழ்ந்தவளும் நானேதான்.

"நாங்கள்தான் இருத்தினது எண்டால் அது அவையளுக்குச் சேராது. அதுக்கு இப்ப ஆர் சாட்சி இருக்கினம்?" என்றார் இவர். "அவையளாச் சொன்னால்தான் உண்டு."

சொல்லுவார்கள் என்றேன். மகளின் படிப்பு முடிந்ததும் அங்கே போய், அந்த வீட்டிலேயே கண்ணை மூட வேண்டும் என்று இருந்தவள் நான். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் போன் எடுத்தேன். நான் தொடங்க முன்னமே அந்தக் குடும்பத்து மனிசி சந்தோஷமாக முந்திக்கொண்டாள்.

"அக்கா, மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. இந்த வீட்டைத்தான் சீதனமாக் குடுக்கிறம். நீங்கள் கட்டாயம் வந்து நிண்டு நடத்தித் தரவேணும்."

அது என் வீடல்லவா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, "பெரியம்மாவோ கதைக்கிறா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அன்றைக்குப் பாயோடு வந்த கைக்குழந்தை, இன்றைக்குக் கலியாணப் பெண்.

"நல்லா இருக்கட்டும்," என்றேன். "விளக்கு வைச்சிட்டியளோ?"

"ஓம் அக்கா, வைச்சாச்சு," என்றாள்.