சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டில்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பழைய துண்டில் சுற்றி, ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் உருளாதபடி செருகி வைத்திருந்தது. என் அத்தானின் பழைய டர்போ டீசல் காரில் அதைக் கண்டெடுத்த அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்காவும் அத்தானும் ஸ்ரீரங்கத்தில் இருந்தார்கள். நான் கே.கே. நகரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அந்தக் கார் மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குளிர்காய்ச்சல்காரனைப் போல நடுங்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றாலோ சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே ஏறும். டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் கசிவு இருக்குமோ என்று பார்த்தேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டர் ஃபேனையும் விட்டுவைக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று அத்தானிடம் ஒவ்வொரு முறையும் கேட்டேன். “சொட்டுகூடக் குறையல மாப்ள, நீயே பாத்துக்க” என்பார். திறந்து பார்த்தால் நிறைந்துதான் இருக்கும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன், அத்தான் வார்த்தையை அப்படியே நம்பினேன்.

காட்டிக்கொடுத்தது நிறம்தான். இன்ஜின் சூட்டைத் தணிக்க நான் ஊற்றியிருந்த பச்சைநிறக் கூலன்ட், குழாய்த் தண்ணீர் போல வெளுத்துப்போயிருந்தது. அப்படியானால் குறைகிறது, குறையக் குறைய யாரோ நிரப்புகிறார்கள். சந்தேகத்தோடு சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பாட்டில் வந்தது. துண்டை உதறியதும் அதன் மடிப்பிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றும் விழுந்தது.

“அது ஒண்ணுமில்ல, கேஸ் மாத்திரை” என்று அத்தான் அதை அவசரமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பாட்டிலைத்தான் பிடித்துக்கொண்டேன். “இதச் சொல்லியிருந்தா மொத நாளே ஹெட் கேஸ்கட்னு கண்டுபிடிச்சிருப்பேன். எதுக்கு மறைச்சீங்க?” என்று ஆட்கள் முன்னால் கத்தினேன். அவர் அசடு வழியச் சிரித்தார். “உங்கக்காவுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துடுங்கம்பா மாப்ள. ஓட்டாம நான் வீட்ல உக்காந்து என்ன பண்றது?”

அது உண்மைதான். ரிட்டையர் ஆன பிறகு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் லால்குடி வரை சும்மா போய்வருவதுதான் அவருடைய ஒரே சந்தோஷம்.

கழற்றிப் பார்த்தால், இரண்டாவது சிலிண்டர் ஓரத்தில், தண்ணீர் உள்ளே புகாமல் அடைத்திருக்கும் கேஸ்கட் தகடு அரித்திருந்தது. வண்டி நிற்கும்போது அந்த வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது. அதனால்தான் காலை நடுக்கம். ஓடும்போது எரிந்த வாயு அதே வழியாகத் தண்ணீருக்குள் புகுந்து சூட்டை ஏற்றியிருக்கிறது. மாற்றிக் கொடுத்தேன். நோயைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த மாதமே அத்தான் போய்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே சாய்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவருடைய சட்டைப்பையில் அதே அட்டை இருந்தது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை என்றார் டாக்டர். கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்று பிறகு அவருடைய பீரோவில் கிடைத்தது. காரின் கோளாறை எதற்காக மறைத்தாரோ அதற்காகவே இதையும் மறைத்திருக்கிறார். இரண்டும் ஒரே துண்டில்தான் இருந்தன. நான் ஒன்றை மட்டும் கேட்டேன்.

கார் இப்போது என்னிடம் இருக்கிறது. நடுக்கம் இல்லை, முள் பாதியைத் தாண்டுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்காவை லால்குடிக்கு அழைத்துப் போகிறேன். பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது அக்கா எப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்: “உங்கிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாராடா?”

“இல்லக்கா” என்கிறேன். அவர் சொல்லவில்லைதான். நான் பார்த்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் துண்டு சுற்றியபடி என் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.