தொழுமரத்தில் உட்கார்ந்த இருளம்மாள்

சிலமலையிலிருந்து ராசிங்காபுரம் போகும் வண்டிப்பாதையில், ஓடையைத் தாண்டியதும் ஒரு சிற்றூர் இருந்தது. அந்த ஊர்ச் சாவடிக்கு வெளியே, வெயில் விழும் பக்கத்தில் தொழுமரம் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கனத்த புளியங்கட்டைகள். நடுவே கணுக்கால் நுழையும் அளவுக்குத் துளைகள். மேல்கட்டையைத் தூக்கிக் காலை வைத்து, திரும்ப இறக்கி, ஓரத்தில் இரும்பு முளையை அறைந்துவிட்டால் மாட்டிய ஆள் எழுந்திருக்க முடியாது.

அது கும்பினிக் காலத்துச் சட்டம். சின்னத் திருட்டு, கைகலப்பு என்று வழக்கு வந்தால் கிராம முன்சீப்பே விசாரித்துத் தண்டிக்கலாம். மேல்சாதிக்காரர் என்றால் சாவடிக்குள் உட்காரவைப்பார். சேரிக்காரர் என்றால் தொழுமரத்தில் மாட்டுவார். குற்றம் ஒன்றாக இருந்தாலும் ஒருவருக்கு நிழல், இன்னொருவருக்குக் கட்டை.

இருளம்மாள் பொட்டிபுரத்தில் பிறந்து, அந்த ஊர்ச் சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் வீரையா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். வாய் ஓயாத ஆள்; நடவுக்கு வந்த பெண்கள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வரப்பு மாறிவிடுவார்கள். கல்யாணமான மறுவருஷம், மடை திறக்கும் தகராறில் அவனும் பக்கத்து நிலக்காரர் மகன் பொன்னுமணியும் கட்டிப் புரண்டார்கள். இருவர் பேரிலும் குற்றம் என்று முன்சீப் தீர்ப்புச் சொன்னார். பொன்னுமணி சாவடிக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கினான். வீரையாவின் கால்கள் கட்டைக்குள் போயின.

இருளம்மாள் கஞ்சிக் கலயத்தோடு போய் நின்றாள். தலையாரி கிட்டே விடவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கால் வீங்கியதையோ உதடு வெடித்ததையோ அவள் பெரிதாக நினைக்கவில்லை. வீரையா அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அதுதான் அவள் நெஞ்சில் தங்கிப்போனது.

சாயங்காலம் விடுபட்டு வந்தவன் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடக்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. கடைசியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த கங்காணியிடம் இருளம்மாளே போய்ப் பெயர் கொடுத்தாள். இருவரும் போடி வழியாக மலையேறினார்கள்.

மலையில் அட்டைக்கடியும் குளிரும் காய்ச்சலும் இருந்தன. கங்காணியின் ஏச்சும் இருந்தது. ஆனால் கூலிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ஓடையில்தான் குடித்தார்கள். மலையாளத்துப் பாலா பக்கத்திலிருந்து வந்த பெண்கள் இருளம்மாளைச் சேச்சி என்று கூப்பிட்டார்கள். அவளும் தண்ணீரை வெள்ளம் என்று சொல்லப் பழகினாள். களை வெட்டினாள், காய் பறித்தாள், அடுப்பு மூட்டிய கொட்டகையில் பச்சைக்காயைப் பரப்பி உலர்த்தினாள். வீரையா மெல்ல மெல்லப் பழையபடி வாயாடத் தொடங்கினான். மகள் அய்யம்மாள் அங்கேதான் பிறந்தாள். பல வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் வீரையாவைக் கொண்டுபோனது. தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள்.

அய்யம்மாளைக் கட்டியவன் மொக்கச்சாமி. அவனும் அதே சேரிக்காரன்தான். மகளுக்குத் துணையாக இருளம்மாள் கீழே இறங்கிவந்தாள். தொழுமரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. முன்சீப் மட்டும் மாறியிருந்தார். பழையவரின் மகன் ராஜாராம் இப்போது அந்த வேலையில் இருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டுபோன வருஷம் சேரிக்கு மருந்தும் நொய்யரிசியும் கொடுத்தனுப்பியவர். தகப்பனார் செய்த வேலையை அவர் செய்தபடியே செய்துவந்தார், அவ்வளவுதான்.

அடுத்த ஆவணியில் மொக்கச்சாமிக்கும் மேலத்தெரு வண்டிக்காரன் ஒருவனுக்கும் ஓடைப்பாதையில் யார் ஒதுங்குவது என்று தகராறு வந்து, கைகலப்பானது. மறுநாள் காலை வண்டிக்காரன் சாவடியில் இருக்கவேண்டும், மொக்கச்சாமி தொழுமரத்தில் இருக்கவேண்டும் என்று ராஜாராம் சொல்லிவிட்டார். மொக்கச்சாமி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இருளம்மாள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு சாவடிக்குப் போனாள். இருவருமாக மேல்கட்டையைத் தூக்கினார்கள். இருளம்மாள் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் துளைகளில் வைத்தாள். அழுதுகொண்டே அய்யம்மாள் கட்டையை இறக்கினாள். முளையை அறையச் சொன்னதும் இருளம்மாள்தான்.

செய்தி கேட்டு ராஜாராம் ஓடிவந்தார். அன்றைக்கென்று பார்த்து ஊர்க் கணக்கைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பெண்பிள்ளையைக் கட்டையில் மாட்டிய வழக்கம் எங்கேயும் கிடையாது, எழுந்திரு என்று அதட்டிப் பார்த்தார். பிறகு கெஞ்சிப் பார்த்தார்.

இருளம்மாள் அசையவில்லை. "சட்டத்துல ஆம்பள பொம்பளன்னா பிரிச்சிருக்கு சாமி? சாதின்னுதான பிரிச்சிருக்கு. நானும் அந்தச் சாதிதான். என் மருமகனுக்கு உள்ளத நான் அனுபவிச்சுக்கிறேன்" என்றாள்.

"பெரிய அதிகாரி வர்ற நேரத்துல ஏன் இப்படிப் பண்ற?"

"அவுக வரட்டும். அவுகள்ட்ட ஒண்ணு கேக்கணும்."

சேரிப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். தலையாரி முளையைப் பிடுங்கக் குனிந்தபோது அய்யம்மாள் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது குதிரையில் அதிகாரி வந்தார். தமிழர்தான். கட்டையில் ஒரு கிழவியைப் பார்த்து முகம் சுளித்து, யார் மாட்டியது என்று கேட்டார். நானாகத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்லி, இருளம்மாள் நடந்ததையெல்லாம் சொன்னாள். வீரையாவைப் பற்றியும் சொன்னாள்.

"ரெண்டு பேரும் செஞ்சது ஒரே தப்பு. அவனுக்கு எதுக்கு நெழலு, எங்களுக்கு எதுக்குக் கட்ட? அத மட்டும் சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்."

அதிகாரி பதில் சொல்லுமுன் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தலை நரைத்துப்போன பொன்னுமணி முன்னே வந்தார். அன்றைக்கு முதலில் கை வைத்தது தாம்தான், வீரையா இல்லை என்றார். யாரும் தம்மைக் கேட்கவில்லை, தாமும் சொல்லவில்லை என்றார். மேலத்தெருக்காரர்கள் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதிகாரி குதிரையிலிருந்து இறங்கினார். சட்டத்தை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு ராஜாராம் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு கவனிச்சீரா? கட்டையில மாட்டலாம்னுதான் சட்டம் சொல்லுது. மாட்டியே ஆகணும்னு சொல்லல."

ராஜாராமுக்கு முகம் வெளுத்துவிட்டது. தம் தகப்பனாரும் தாமும் சர்க்கார் கட்டளை என்று நம்பிச் செய்துவந்தது, இத்தனை காலமும் தங்கள் இஷ்டத்தில்தான் இருந்திருக்கிறது. அவர் தாமே குனிந்து முளையைப் பிடுங்கினார். இருளம்மாளுக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. காலில் உணர்ச்சி இல்லை. அய்யம்மாள் தேய்த்துவிட்டாள். அன்று மத்தியானம் மொக்கச்சாமியைச் சாவடிக்குள், வண்டிக்காரன் இருந்த அதே தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார் முன்சீப். சேரியிலிருந்து ஓர் ஆள் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. தண்டனைதான், ஆனாலும் சேரி முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதற்கான விலையும் வந்தது. மேலத்தெரு கூடிப் பேசி, சேரி ஆட்களை இனி வயலில் இறக்குவதில்லை என்று முடிவு செய்தது. பொன்னுமணி மட்டும் கூப்பிட்டார். அவர் நிலம் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கும்? பயந்துபோன சில பெண்கள், உன்னால்தான் வந்தது என்று இருளம்மாளையே திட்டினார்கள். அவள் மூட்டையைக் கட்டினாள்.

"ஏலக்கா பறிப்பு தொடங்கிருச்சு. வர்றவுக வாங்க. அங்க எனக்குப் பாதை தெரியும்" என்றாள்.

திட்டியவர்களும் சேர்ந்தே மலையேறினார்கள். கீழே சோளத்தில் களை முழங்காலுக்கு வளர்ந்தது. புரட்டாசி முடிவதற்குள், மேலத்தெருவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக, மற்றவருக்குத் தெரியாமல் மலைக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். வண்டிக்காரன் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது.

தொழுமரத் தண்டனையைச் சர்க்கார் எடுத்துவிட்டது என்ற தமுக்குச் சத்தம் அந்த ஊருக்கு வர இன்னும் சில வருஷம் ஆனது. பல ஊர்களில் பல பேர் கேட்டுக் கேட்டுத்தான் அது போனது. ஆனால் ராஜாராம் அதற்கு முன்பே கட்டைகளைப் பிளந்து அடுப்புக்குப் போட்டுவிட்டார். மேலத்தெருவில் சில வீடுகளில் அவருக்குக் கல்யாணப் பாக்கு வைப்பது நின்றுபோனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் இருளம்மாள் இறந்தாள். அவள் பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக அப்போதும் விடவில்லை. வரப்பு வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். பொன்னுமணி வரப்பு முடிகிற இடம்வரை கூடவே நடந்தார். காரியம் முடிந்த வாரம், சேரிப் பெண்கள் குடத்தோடு பொதுக்கிணற்றடிக்குப் போய் நின்றார்கள். தண்ணீர் கிடைக்காமல் திரும்பினார்கள். மறுநாளும் அய்யம்மாள் முன்னால் நடக்க, குடத்தோடு கிணற்றடிக்குப் போனார்கள்.