ஓடாத சரக்கு

என் அண்ணனுக்குத் தெருவில் புரொபசர் என்று பெயர். கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. நானும் அவனும் சேர்ந்து நடத்துவது ஒரு மருந்துக்கடை. தலைவலி மாத்திரை வாங்க வருகிறவரையும் நிற்கவைத்து நாலு புத்திமதி சொல்லித்தான் அனுப்புவான். கூடப்பிறந்த பாவத்துக்கு நான் அத்தனையையும் கேட்கிறேன்.

போன வருடம் கட்டடக்காரர் வந்து, கடை இருக்கும் அறையை விற்கப்போவதாகச் சொன்னார். "ரொம்ப வருஷமா இருக்கீங்க, முதல்ல உங்களுக்குத்தான். ஒரு வருஷம் டைம் எடுத்துக்கோங்க" என்றார். எங்கள் இருவர் சேமிப்பையும் கூட்டினால் முக்கால் விலை தேறியது.

"மீதியைத் தவணையா தரோம்னு கேளு அண்ணே" என்றேன்.

"அவர் முன்னாடி போய் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கணுமா?"

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ கேட்டா நான் கேட்ட மாதிரிதான். வேணாம்."

பணத்தைப் பெருக்கிவிடலாம் என்று முதலீட்டு வகுப்பில் சேர்ந்தான். வங்கியில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். நன்றாகத்தான் படித்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே. ஷேர், கடன் பத்திரம், டெபாசிட் என்று பிரித்து வை. சீக்கிரம் வேண்டிய பணத்தை ஷேர் பக்கமே கொண்டுபோகாதே. எல்லாம் தலைகீழ்ப் பாடம். கல்லாவில் நின்றபடி, வாடிக்கையாக வரும் ஒரு டாக்சிக்காரருக்கு அவன் வகுப்பெடுப்பான், பின்னால் வரிசையே இருமிக்கொண்டு நிற்கும். "முதல்ல இருமலுக்குக் குடு!" என்று நான் கத்துவேன்.

எங்கள் பணத்தையும் முதலில் ஒழுங்காகத்தான் பிரித்து வைத்தான். அப்புறம் கடைக்காரப் புத்தி வந்துவிட்டது. மருந்துக்கடையில் வேகமாக விற்பதை இரட்டிப்பாக வரவழைப்போம், அலமாரியில் தூங்குவதைக் கம்பெனிக்கே திருப்பிவிடுவோம். முதலீட்டையும் அதே கண்ணால் பார்த்தான். டெபாசிட் அவனுக்கு ஓடாத சரக்கு. அதை உடைத்தான், பத்திரத்தை விற்றான், எகிறிக்கொண்டிருந்த ஒரு பேட்டரி கம்பெனி ஷேரில் எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஆளுங்க இருமுறாங்க, சிரப் ஓடுது. இந்த ஷேர் எதுக்கு ஓடுது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வாங்குறாங்க, அதான் ஓடுது."

தலையில் அடித்துக்கொண்டேன். வகுப்பெடுக்கும் அம்மாவும் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஏறியதில் கொஞ்சம் விற்று, பின்தங்கியதில் போட்டு, முதலில் பிரித்த அளவுக்கே கொண்டுவர வேண்டுமாம். "அந்தம்மா கடை வச்சதில்ல" என்றான் இவன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கெடு நெருங்கும்போது ஷேர் சரிந்தது. 'திரும்பிடும், திரும்பிடும்' என்று உட்கார்ந்திருந்து, கடைசியில் கிடைத்த விலைக்கு விற்றான். எங்களிடம் இருந்ததில் பாதி போய்விட்டது. வாங்க முடியாது என்று கட்டடக்காரருக்குப் போனில் சொன்னான். காரணம் சொல்லவில்லை. அறையை ஒரு கண்ணாடிக்கடைக்காரர் வாங்கினார்.

நாங்கள் மருந்துகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் நேரம் பார்த்து டாக்சிக்காரர் வந்தார். "புரொபசரே, நீங்க சொன்னபடி பொண்ணு காலேஜ் பணத்தை பேங்க்லயே போட்டேன். தப்பிச்சேன்!" என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போனதும் வெடித்தேன். "ஊருக்குத்தான் உபதேசமா? அவருக்குச் சொன்ன புத்தி நமக்கு எங்க போச்சு?"

"அவர்கிட்ட வேண்டிய பணம் முழுசா இருந்துச்சு, காப்பாத்தினா போதும். நம்மகிட்ட பத்தலையே. பேங்க்ல போட்டா கடை கிடைக்காதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றான். எனக்குக் கோபத்தோடு அழுகையும் வந்தது.

சாயங்காலம் கட்டடக்காரர் சாவி வாங்க வந்தார். காலியான அலமாரிகளைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"கொஞ்சம் குறைஞ்சா தவணையா குடுங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க வாயே திறக்கல. உங்களுக்கு இந்த இடம் பிடிக்கல போலன்னு நினைச்சுட்டேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் புத்தி சொல்கிறவன், ஷட்டரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.