கல்லு மூஞ்சி

எக்ஸ்ரே எடுப்பவனுக்குக் கைவேலை பாதி, மூஞ்சிவேலை பாதி. படத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். வருகிற சனம் அதுவரை பொறுக்குமா? படத்தை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் படிக்கும். கல்லாவிலோ கவுண்டரிலோ முகத்தை இறுக்கிக்கொண்டு பிழைக்கிற உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்தேன். அப்போது எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி சிவகாமிக்குத் தீராத தலைவலி. காலையில் எழும்போதே வலியோடுதான் எழுவாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

கண்ணீர்

எங்கள் டார்க்ரூமில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ரிப்பேர். படம் கழுவும் மருந்தின் நெடி கண்ணைப் பிடுங்கும். ஒரு நாள் ஈரம் சொட்டும் படத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணைத் தோளில் துடைத்தபடி வெளியே வந்தேன். சீவலப்பேரியிலிருந்து ஒரு பெரியவர் வரப்பில் வழுக்கி விழுந்து, குடும்பத்தோடு டவுன் பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் என் கண்ணைப் பார்த்தாள். "எப்பா, எங்கள விட்டுட்டுப் போறியளா" என்று ஆரம்பித்துவிட்டாள். கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்து படத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, கைதான ஒடிஞ்சிருக்கு? நீங்க அழுத அழுகையில நான் போய்ச் சேந்துட்டேன்னுல்லா நெனச்சேன்."

முதுகுப் பக்கம்

அன்றிலிருந்து முகத்தைக் கல்லாக்கப் பழகினேன். சிரிப்பு கிடையாது, சுளிப்பு கிடையாது. பழகப் பழக அது வீட்டுக்கும் கூடவே வந்தது. சிவகாமி அதற்குக் கல்லு மூஞ்சி என்று பேரே வைத்துவிட்டாள்.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய், சவூதிக்குப் போக இருந்த மகனைக் கூட்டி வந்தார். நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தால்தான் பயணம். "கழுத்துல கெடக்கது எதுவும் நெஞ்சுல தொங்கக் கூடாது" என்று பையனிடம் சொல்லித்தான் நிறுத்தினேன். கழுவிப் பார்த்தால் நுரையீரல் நடுவே விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒன்று. எனக்கே பகீரென்றது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "இன்னொரு படம் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கே பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பையனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகில் ஒரு வெள்ளித் தாயத்து தொங்கியது. கதிர் ஆளைத் துளைத்துக்கொண்டு போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? "தொங்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "நெஞ்சுலதான தொங்கக் கூடாதுன்னீய? அதான் பின்னால தள்ளிட்டேன்."

சாக்கு

இந்தக் கதையைச் சொன்னதும் சிவகாமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கே வா என்றேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றாள், பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்றாள். மிஷினுக்குள் போகப் பயமா என்று கேட்டேன். "உள்ள போறதுக்கு ஒண்ணும் பயமில்ல. வெளிய வந்ததும் உங்க மூஞ்சியப் பாக்கணுமே, அதுக்குத்தான் பயம்."

சிரிப்பு

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சிவகாமி ஒரு நாள் வகுப்பிலேயே வலிப்பு வந்து சரிந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆட்டோவில் போட்டு எங்கள் சென்டருக்கே கொண்டுவந்துவிட்டார். என்னோடு வேலை பார்க்கும் ஆறுமுகம் எடுக்கட்டும் என்றார் டாக்டர். நான் விடவில்லை. அவளை மிஷினில் படுக்கவைத்து, தலையைப் பட்டையால் கட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மண்டையைக் கத்தரிக்காய் வில்லையாக அரிந்து காட்டுவதுபோல டிவியில் படம் ஒவ்வொன்றாக வந்தது. மேலே போகப் போக, மண்டை ஓட்டை ஒட்டி எலுமிச்சங்காய் அளவில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. இதற்குத் தாயத்து என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அது இன்னும் தெளிவாகத் தெரிய மருந்து ஊசி போட்டு இன்னொரு தடவை எடுக்க வேண்டும். உள்ளே போனேன். அவள் பயந்துவிடக் கூடாதே என்று, வாயை இழுத்து நன்றாகச் சிரித்தேன். "ஒண்ணுமில்ல, ஒரு சின்ன ஊசி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் கல்லு மூஞ்சியக் காட்டுதிய. எனக்கு மட்டும் எதுக்குச் சிரிக்கிய? எவ்வளவு பெருசு?"

மதுரை

மதுரையில் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நடந்தேன், டீ குடித்தேன், மறுபடி நடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வருகிறவர் முகத்தைப் பார்ப்பேன். எல்லோரும் மூக்குவரை துணி கட்டியிருந்தார்கள். சீவலப்பேரிக்காரரின் மகளை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைசியில் டாக்டர் துணியை இறக்கிவிட்டு, "முழுசா எடுத்தாச்சு. புற்று மாதிரித் தெரியல" என்றார். கொஞ்ச நாளில் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. அன்றைக்கு அந்த வாசலிலேயே நின்று நான் அழுதேன், இந்தத் தடவை மருந்து நெடி இல்லாமல்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சிவகாமி கண் விழித்தாள். தலை முழுக்கக் கட்டு. சிரித்து மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுப் பையச் சொன்னாள்: "கல்லு மூஞ்சி திரும்ப வந்துட்டு. அப்ப நான் பொழச்சிக்கிட்டேன்."

ஊரார் உடம்புக்குள் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு அறை நிறைய மிஷினும் கரண்டும் வேண்டியிருந்தது, எனக்குள் இருப்பதைப் பார்க்க அவளுக்கு அரைக்கண் திறந்தால் போதும்.